எந்த போனுக்கு எழுதுவது?

மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவு மாணவன், கிளிஞ்சல்மேடு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "கவிதை மட்டும் வேணாம்டா, ஏற்கெனவே ஒரு ஃபைல் நிறைய இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கைக்கு மரியாதை செய்ய வேண்டாமா? அதனால், கேன்டீனிலும் பஸ் ஸ்டாப்பிலும் லேப் வாசலிலும் கடந்த ஆறு மாதமாக நாம் ஓயாமல் சண்டை போட்ட ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்மார்ட்போனுக்கு ஆப் எழுதுவதென்றால் எந்தப் பிளாட்பாரத்துக்கு எழுதுவது? ஆண்ட்ராய்டா, ஐபோனா, அல்லது ஒரே தடவை எழுதி இரண்டிலும் ஓட்டலாம் என்கிறார்களே, அந்த ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் வகையறாவா?

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே பிளாட்பாரம் என்பது காரைக்கால் ரயிலடியில் இருப்பது அல்ல. ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை. போனுக்குள் இருக்கிற இயங்குதளம், அதற்கு எழுத உதவும் கருவிகள், எழுதியதை விற்கும் கடை, அந்தக் கடைக்காரன் போடுகிற சட்டதிட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்பாரம். ரயிலடியில் நாம் எதைப் பார்த்து நிற்கிறோம்? நமக்கு வேண்டிய ரயில் எதில் வருமோ அதில் நிற்கிறோம். அடுத்த பிளாட்பாரத்தில் பெஞ்ச் பளபளவென்று இருக்கிறதே, ஃபேன் சுற்றுகிறதே என்று அங்கே போய் உட்கார்ந்தால் காற்று வரும், ரயில் வராது. நம் வகுப்பில் பாதிப் பேர் பெஞ்சைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்பது என் தாழ்மையான குற்றச்சாட்டு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்த பெஞ்சில் உட்கார்ந்து ரயிலை விட்டவன் என்ற தகுதிதான். கதையைக் கேளுங்கள்.

2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவுக் கடலில் இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்காலிலிருந்து போன மீனவர்கள் காயப்பட்டதும், அந்தப் படகில் இருந்த 13 பேரும் பிடிபட்டதும் உங்களுக்கெல்லாம் தெரியும். 5 பேருக்குக் காயம், அதில் இரண்டு பேருக்குப் பலமாக. எங்கள் ஊரில் யாருக்கும் அது பேப்பர்ச் செய்தி இல்லை. எங்கள் வீட்டில் அம்மா அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை. புராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம் வந்தபோது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கடல் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் போனால் போன் சத்தம் போட்டு எச்சரிக்கிற ஆப் செய்வது என்று முடிவெடுத்தோம். கைடு சாரும் "நல்ல தலைப்பு தம்பி" என்று உடனே கையெழுத்துப் போட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோடு தெரியாததால் மட்டும்தான் படகு தாண்டுகிறது என்று சொல்ல நான் வரவில்லை. மீன் போகிற பக்கம் வலை போகும். அந்த வழக்கு பெரிய வழக்கு, இரண்டு கரை மீனவரின் வயிற்றுப்பாடும் அதில் இருக்கிறது. ஆனால் ராத்திரி எஞ்சின் மக்கர் பண்ணி, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட சங்கதி. விசைப்படகில் ஜிபிஎஸ் கருவி, எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் வைத்திருப்பார்கள். ஃபைபர் படகில் பல பேருக்குச் சட்டைப் பையில் பாலிதீன் கவர் சுற்றி வைத்திருக்கிற போன்தான் எல்லாம்.

சரி, தலைப்பு கிடைத்தாயிற்று. எதில் செய்வது? அப்போதுதான் மூன்று கட்சி உண்டானது. ஒருத்தனுக்கு ஐபோன் மேல் பக்தி. இன்னொருத்தன் "சென்னைக் கம்பெனி இன்டர்வியூல ஃப்ளட்டர்தான் கேக்குறாங்க" என்றான். எனக்கு அபிப்பிராயம் என்று ஒன்றும் கிடையாது, யூடியூப்பில் எதற்கு வீடியோ அதிகமோ அதற்கு என் ஓட்டு. ஃப்ளட்டர் ஜெயித்தது. ஒரே எழுத்து, இரண்டு போன். கேட்கவே எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! நான்கு மாதம் உழைத்தோம். அழகான நீலக் கலர் வரைபடம், நடுவில் நம் படகு மினுக்மினுக் என்று மிதக்கும். லேபில் காட்டியபோது கைதட்டல். அந்த உற்சாகத்தில் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடித் துறைமுகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடி, எங்கள் மாமாவிடம் நீட்டினேன்.

மாமா போனில் அது ஏறவே இல்லை. "இடம் இல்லை" என்றது போன். கல்யாண வீடியோ, குட் மார்னிங் படம், பேரன் போட்டோ என்று நிரம்பி வழிந்த போன் அது. எங்கள் ஆப் 60 எம்பிக்கு மேல். (சோதனைக்கான பில்டையே கொண்டுபோய் நீட்டியிருக்கிறோம் என்பது பிறகுதான் புரிந்தது. ஒழுங்கான பில்டாக எடுத்திருந்தால் பாதிக்குப் பாதி குறைந்திருக்கும். இதை எந்த யூடியூப்காரரும் முதல் வீடியோவில் சொல்லவில்லை.) பேரன் போட்டோவை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமாவே நாலு வீடியோவை அழித்துவிட்டு ஏற்றினார்.

மறுநாள் கடலுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து ஒரே வார்த்தை சொன்னார்: "மாப்ள, கரை மறையுற வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு."

ஏன் சுற்றாது? அந்த நீலக் கலர் வரைபடம் இன்டர்நெட்டிலிருந்து இறங்குகிறது. செல்போன் கோபுரத்தின் எட்டுகை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கோடோ, காரைக்காலிலிருந்து ஏறக்குறைய 50 கடல் மைல், அதாவது 90 கிலோமீட்டருக்குக் குறையாது. தெற்கே இறங்கிக் கோடியக்கரைப் பக்கம் போனால் சுமார் 15 கடல் மைலிலேயே வந்துவிடும். ஆக, எங்கள் ஆப் எங்கே தேவையோ அங்கே மட்டும் வேலை செய்யாது! கரையில் நின்றுகொண்டு "கோடு தூரத்தில் இருக்கிறது" என்று சொல்ல மூன்று டிப்ளமோக்காரன் தேவையா?

ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் வேண்டாம் என்பதை நம்மில் எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறோம்? அது வானத்திலிருந்து நேரே வருகிற சிக்னல். நெட்வொர்க் இருந்தால் முதல் தடவை இடம் பிடிப்பது சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் போன் செயற்கைக்கோளிடமிருந்தே பாதைக் கணக்கை வாங்க வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சொந்தக் கணக்கை 30 விநாடிக்கு ஒரு தடவை சொல்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுக் கணக்கு முழுதாக வந்து சேர 12½ நிமிடம் ஆகும். கடலில் 12 நிமிடம் காத்திருக்க யாருக்கும் கசக்காது. எல்லைக் கோடும் அப்படித்தான். 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் கோட்டை ஆறே ஆறு புள்ளிகளால் குறித்திருக்கிறது. 1976ல் வடக்கே வங்காள விரிகுடாவிலும் தெற்கே மன்னார் வளைகுடாவிலும் நீட்டினார்கள். அத்தனை புள்ளியையும் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். இதற்கு எதற்கு இன்டர்நெட்?

புள்ளி என்றதும் இன்னொரு அவமானமும் ஞாபகம் வருகிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். அந்த ஆறில் இரண்டாவது புள்ளியின் அட்சரேகை 9 டிகிரி 57 மினிட். மீனவர்கள் பேசுவதும் டிகிரி, மினிட் கணக்கில்தான். போனுக்குள் இருக்கிற ஜிபிஎஸ் கொடுப்பது தசமக் கணக்கு. நாங்கள் என்ன செய்தோம்? 9.57 என்று அடித்துவிட்டோம். ஒரு டிகிரிக்கு 60 மினிட் என்று ஆறாம் வகுப்பில் படித்ததை மறந்தே போனோம். 57 மினிட் என்றால் 0.95 டிகிரி. 0.57 டிகிரி என்பது வெறும் 34 மினிட். ஒரு மினிட் அட்சரேகை ஒரு கடல் மைல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் புள்ளி கிட்டத்தட்ட 23 கடல் மைல் தெற்கே நழுவி இலங்கைப் பக்கம் போய்விட்டது! இதைக் கண்டுபிடித்தது கைடு சாரும் இல்லை, வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரும் இல்லை. வரைபடத்தைப் பார்த்த மாமாதான். "இந்தக் கோட்ட நம்பிப் போனா நேவிக்காரன் வீட்டு வாசல்லதான் வலை போடணும் மாப்ள" என்றார். எந்தப் பிளாட்பாரமும் இந்தத் தப்பிலிருந்து நம்மைக் காப்பாற்றியிருக்காது. ஐபோனில் செய்திருந்தாலும் கோடு அதே இடத்தில்தான், இன்னும் கொஞ்சம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

இந்த அடிக்குப் பிறகுதான் ஒழுங்காக விசாரித்தேன், இதை நமக்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா என்று. செய்திருக்கிறார்கள், அதுவும் நாம் பால்வாடிக்குப் போகிற வயசு வருவதற்கு முன்பே. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007லேயே மீனவர்களுக்காக 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. கூட்டாளிகள் குவால்காமும் டாடா டெலிசர்வீசஸும். அலை உயரம், காற்று, மீன் கிடைக்கக்கூடிய பகுதி, சந்தை விலை எல்லாம் கைபேசியில் வந்தது. கடல் நிலவரத்தைத் தருவது ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம்.

அந்த முதல் ஆப் எந்தப் பிளாட்பாரத்தில் தெரியுமா? 'ப்ரூ'. காபி இல்லை, குவால்காம் கம்பெனியின் பிளாட்பாரம். சிடிஎம்ஏ போன்களில் ஓடியது. சி, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுத வேண்டும். எழுதியதைப் பரிசோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அதற்கப்புறம் போன் கம்பெனி மூலமாகத்தான் ஜனங்களுக்குப் போகும். அன்றைய தேதிக்கு அது நல்ல முடிவுதான், நான் குறை சொல்ல மாட்டேன். 2007ல் ஆண்ட்ராய்ட் போன் என்று கடையில் ஒன்றுமே கிடையாது, முதலாவது வந்ததே 2008 அக்டோபரில். ஐபோன் 2007ல் வந்தது, ஆனால் வெளியார் எழுதிய ஆப்களை விற்கும் கடையை ஆப்பிள் திறந்தது 2008 ஜூலையில்தான்.

பிறகு என்ன ஆனது? சிடிஎம்ஏவே நம் நாட்டை விட்டுப் போய்விட்டது. டாடா தன் செல்போன் வியாபாரத்தை ஏர்டெல்லிடம் கொடுப்பதாக 2017ல் அறிவித்தது. ஃபிஷர் ஃப்ரெண்ட் அதற்குள் ஆண்ட்ராய்டுக்கு மாறி, எல்லைக் கோட்டு எச்சரிக்கை, போன வழியைப் பதிவு செய்வது என்று பல வசதியோடு வளர்ந்துவிட்டது. நான் பிரமித்த இடம் இதுதான். பழைய போனில் எழுதிய சி நிரல் போனது போனதுதான். ஆனால் அலை உயரத்தை எங்கிருந்து வாங்குவது, மீனவனுக்குப் புரிகிற தமிழில் எப்படிச் சொல்வது, எந்தக் கிராமத்தில் யாரிடம் கொடுத்துப் பார்ப்பது என்ற அறிவு போகவில்லை. அது புதுப் பிளாட்பாரத்துக்குத் தானாகவே குடிபெயர்ந்துவிட்டது.

போனது ப்ரூ மட்டுமா? நோக்கியாவின் சிம்பியன் ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தபோது நம்மைப் போல டிப்ளமோ முடித்த எத்தனையோ அண்ணன்மாருக்கு அங்கே வேலை. 2011 பிப்ரவரியில் நோக்கியா சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்குத் தாவியது. 2014ல் அந்தத் தொழிற்சாலையையே பூட்டினார்கள். விண்டோஸ் போன் மட்டும் வாழ்ந்ததா? 2012ல் விண்டோஸ் போன் 8 வந்தபோது 7 வைத்திருந்தவர்களை நட்டாற்றில் விட்டார்கள். பழைய போனில் புதியது ஏறாது! கடைசியில் 2020 ஜனவரியோடு அந்த வம்சத்துக்கே முழுக்கு. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கம்பெனி 1,999 ரூபாய்க்கு ஒரு ஃபயர்பாக்ஸ் போன் விட்டது. அடுத்த வருஷ டிசம்பரிலேயே மொஸில்லா கையை விரித்துவிட்டது. சாம்சங் 2015 ஜனவரியில் டைசன் என்ற பிளாட்பாரத்தில் 5,700 ரூபாய்க்கு ஒரு போன் கொண்டுவந்தது. அதை வாங்கியவர் யாராவது நம் கல்லூரியில் உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம், ஒரு கோர்ஸ், ஒரு சர்ட்டிபிகேட், "இதுதான் எதிர்காலம்" என்று ஒரு கூட்டம் இருந்திருக்கும், இல்லீங்களா?

இதனால் நான் ஐபோன் பக்தர்களைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. எச்சரிக்கை ஆப் என்றால் திரை அணைந்து, போன் பையில் கிடக்கும்போதும் அது பின்னால் விழித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆப்பிளில் போனும் அதே கம்பெனி, இயங்குதளமும் அதே கம்பெனி. அனுமதி கொடுத்துவிட்டால் எல்லா ஐபோனிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் அந்த ஒழுங்கு கிடையாது. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆப்பைக் கொன்றுவிடுகிறது. எங்கள் இரண்டாவது முயற்சியில், ஒரு போனில் ராத்திரி முழுக்க விழித்திருந்த ஆப், வேறு கம்பெனி போனில் இருபதே நிமிடத்தில் செத்துப்போனது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை! அதைச் சரிசெய்ய, அறிவிப்புப் பட்டையில் எப்போதும் தெரிகிற மாதிரி ஆப்பை ஓட விட வேண்டும், போனின் செட்டிங்கில் போய் "இதைக் கொல்லாதே" என்று கையால் மாற்றவும் வேண்டும். அந்த செட்டிங் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருக்கும். இது நிஜமான தலைவலி, மூடி மறைக்க விரும்பவில்லை.

இருந்தும் ஏன் ஆண்ட்ராய்ட் என்கிறேன்? துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். ஐஸ் பெட்டி மேலேயும் வலைக் குவியல் மேலேயும் கிடக்கிற போனை எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஆண்ட்ராய்ட், அதுவும் ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாய் சரக்கு, தம்பி புதிதாக வாங்கியதும் அண்ணன் கைக்கு வந்த பழையது. இடையில் ஒன்றிரண்டு பொத்தான் வைத்த ஜியோபோன். எங்கள் தெருவில் ஐபோன் இருக்கிறது, இல்லாமல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியது. அதை அவர் கடலுக்கு எடுத்துப் போவதில்லை, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்!

எழுதுகிறவன் பக்கச் செலவையும் பார்ப்போம். ஐபோனுக்கு எழுத மேக் கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் வைக்க வருஷா வருஷம் 99 டாலர். காசு கட்டாமல் நம் சொந்த ஐபோனிலேயே போட்டுப் பார்த்தால் ஏழு நாளில் காலாவதி. வாரா வாரம் மாமாவிடம் "போனைக் கொடுங்க, புதுப்பிக்கணும்" என்று நிற்க முடியுமா? ஆண்ட்ராய்டுக்கு நம் லேபில் இருக்கிற சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர் போதும், மெமரியை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ப்ளே ஸ்டோரில் கணக்குத் திறக்க 25 டாலர், அதுவும் ஒரே தடவை. ஸ்டோருக்கே போகாமல் ஏபிகே ஃபைலை போனிலிருந்து போனுக்கு புளூடூத்தில் கைமாற்றலாம். இன்டர்நெட் காசு இல்லாத இடத்தில் இது பெரிய விஷயம். ஏலக்கூடத்தில் ஒருத்தரிடம் கொடுத்தால் சாயந்தரத்துக்குள் பத்துப் பேருக்குப் பரவியிருக்கும்.

அதற்காகக் கூகுள் கம்பெனியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகச் சொல்லவில்லை. அவர்களும் கடைக்காரர்கள்தான். 2023 நவம்பருக்குப் பிறகு கணக்குத் திறக்கிற தனியாருக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆப்பைக் கடையில் வைக்கும் முன் 20 பேர், பிறகு அதைக் குறைத்து 12 பேர், தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்திருக்க வேண்டுமாம். வெளியூர் மாணவர்கள் இதற்காக ஆள் தேடி அலைகிறார்கள் என்று கேள்வி. நமக்கென்ன குறை? கிளிஞ்சல்மேட்டில் ஒரு டீக்கடை பெஞ்சிலேயே 12 பேர் உட்கார்ந்திருப்பார்கள். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புதான் எனக்குக் கவலை தருகிறது. கையால் ஏற்றுகிற ஆப்பாக இருந்தாலும் எழுதியவன் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்தாக வேண்டும், 2026ல் சில நாடுகளில் தொடங்கிப் படிப்படியாக மற்ற நாடுகளுக்கும் என்றார்கள். ப்ரூ காலத்துச் சான்றிதழ் வாசல் வேறு வேஷத்தில் திரும்பி வருகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. மோசடி ஆப்பைத் தடுக்கத்தான் என்கிறார்கள், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஃப்ளட்டர் நண்பனுக்கும் பதில் சொல்ல வேண்டும். இன்டர்வியூவுக்கு அதைப் படி, தாராளமாகப் படி, வீட்டில் தங்கை கல்யாணம் நிற்கிறது என்று எனக்கும் தெரியும். ஒரே எழுத்தில் இரண்டு போன் என்பது இரண்டு வகை போனிலும் வாடிக்கையாளர் உள்ள கம்பெனிக்கு லாபம். நம் படகில் ஒரு வகை போன்தான் என்கிறபோது அந்த லாபம் நமக்கு எதற்கு? ஜிபிஎஸ், அலாரம், பேட்டரி என்று போனின் வயிற்றுக்குள் கைவிட வேண்டிய வேலைக்குக் கடைசியில் காட்லினிலோ ஜாவாவிலோ எழுதியே ஆக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை நேராக அதிலேயே எழுதினோம். வரைபடத்தைத் தூக்கிவிட்டோம். திரையில் கோட்டுக்கு எத்தனை கடல் மைல் என்ற ஒரே எண், பெரிய எழுத்தில், கருப்பில் மஞ்சளாக. வெயிலில் தெரிய வேண்டும், பாலிதீன் கவருக்கு மேலே ஈரக் கையால் அமுக்கினாலும் வேலை செய்ய வேண்டும், எஞ்சின் சத்தத்துக்கு மேலே அலாரம் கேட்க வேண்டும். ஆப் ஐந்து எம்பிகூட வரவில்லை. லேபில் காட்டினால் இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. "என்னடா, கால்குலேட்டர் மாதிரி இருக்கு?" என்றார்கள். மாமா மட்டும் வைத்துக்கொண்டார்.

போனே போதாது என்கிற இடமும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களிடம் சேதி சொல்ல வழியில்லாமல் போனதை மறந்துவிட முடியாது. அதற்குப் பிறகுதான் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு பெட்டி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வருகிற எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் பக்கத்திலிருக்கிற போனுக்குக் கொடுக்கும். 2024 ஆகஸ்டில் ஆரம்பித்த ஒரு லட்சம் படகுகளுக்கான டிரான்ஸ்பாண்டர் திட்டத்திலும் போன் இதே மாதிரி திரை வேலைதான் பார்க்கிறது, கரையோடு பேசுவது செயற்கைக்கோள். இன்னும் பின்னால் போனால், 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் சுனாமியிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றியது எது? சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் காலும், அறிவு மையத்தின் ஒலிபெருக்கியும். அதே காலையில் எங்கள் ஊர் பட்ட பாட்டை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். குழாய் ஒலிபெருக்கிக்கு ஆப் ஸ்டோர் கிடையாது, வெர்ஷன் கிடையாது. அதையும் ஒரு பிளாட்பாரமாகத்தான் நான் கணக்கில் வைக்கிறேன்.

இனி பேரவை வழியாகக் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. லேபுக்கு மேக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று நம்மில் சிலர் மனு எழுதியிருக்கிறார்கள். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேக் விலைக்கு ஐந்தாறு கம்பெனியின் மலிவு ஆண்ட்ராய்ட் போன்களை, பழையதும் புதியதுமாக, ஒரு மரப்பெட்டி நிறைய வாங்கலாம். எங்கள் ஆப் எந்த போனில் சாகிறது, எந்த போனில் பிழைக்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் ஊரெல்லாம் போன் இரவல் கேட்டு அலைந்தோம். இரவல் கொடுத்தவர், ஃபைபர் படகுக்காரர், அன்றைக்குப் போன் இல்லாமலே கடலுக்குப் போனார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உறுத்துகிறது. புராஜெக்ட் மாணவர்களுக்குச் செமஸ்டரில் நான்கு நாளாவது துறைமுகத்துக்குப் போக ஆன்-டியூட்டி கொடுங்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில், ஆளெல்லாம் வலை கட்டிக்கொண்டு ஊரிலேயே இருப்பார்கள். உட்கார்ந்து பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. நாமோ அந்த நேரத்தில் எக்ஸாம் எழுதிவிட்டு லீவில் போய்விடுகிறோம்.

நிர்வாகம் முடிவெடுக்கும் வரை நாமே ஆரம்பிக்கலாம் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறோம், பேரவை அறையில், கேரம் போர்டுக்குப் பக்கத்தில். வீட்டில் பழைய ஆண்ட்ராய்ட் போன் சும்மா கிடந்தால் அதில் போடுங்கள். போட்டோவை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். திரை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, ஸ்பீக்கரும் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்தால் போதும். சார்ஜர் இருந்தால் சார்ஜரோடு கொடுங்கள்.